சகாயராஜின் காது

வாடிக்கையாளர் என்ற பெயரில் வந்து உயிரை வாங்கும் ஜென்மங்களில், வண்டிச் சத்தத்தை வாயால் செய்து காட்டுகிறவனைத்தான் சகாயராஜுக்கு அறவே பிடிக்காது. திண்டிவனத்தில் முப்பது வருஷமாக மொபெட் மெக்கானிக். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடினால் போதும், உள்ளே எது கெட்டது என்று சொல்லிவிடுவார். எதிர்க்கடைத் திருமுருகன் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான். புது வண்டியெல்லாம் அங்கே போய்விட்டன. பழைய மொபெட்டுகள் மட்டும் இந்தக் காதை நம்பி வந்துகொண்டிருந்தன. காது போனால் கடையும் போயிற்று.

சித்தார்த்தன் விழுப்புரத்துக்காரன். முப்பத்தைந்து வருஷத்து மொபெட் ஒன்றை வாங்கி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கி, கைக்குக் கிளவுஸ் வேறு மாட்டியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் பழைய வண்டிகளின் ஊர்வலமாம். இந்த ஓட்டைக்கு ஊர்வலம் ஒன்றுதான் குறைச்சல் என்று நினைத்துக்கொண்டார் சகாயராஜ்.

மூன்றாவது தடவையாக வந்திருந்தான்.

"அண்ணே, அந்தச் சத்தம் போவவே இல்லண்ணே. சிங் சிங் சிங்னு..."

"வாயால ஓட்டாதீங்க சார். ஸ்டார்ட் பண்ணிட்டு அப்பால நில்லுங்க."

இஞ்சின் ஓடியது. சகாயராஜ் காதை வைத்தார். சிங்காவது சங்காவது! அவருக்குக் கேட்டது வேறு. ஙொய்ங் என்று, கொசு மாதிரி, விடாமல். சந்தேகமே இல்லை, பேரிங். ஏற்கெனவே இரண்டு தடவை இஞ்சினைப் பிரித்து மாற்றியும் அடங்காத பேரிங். பொங்கலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பாதிக்கு இதே வியாதி. இப்போது வருகிற பேரிங்கும் இப்போது வருகிற மனுஷனும் ஒரே தரம் என்பது அவர் கட்சி.

"ஙொய்ங்னு கத்துது பாருங்க. பேரிங்தான். திரும்பப் பிரிக்கணும்."

"எனக்கு அந்த ஙொய்ங் கேக்கவே இல்லியேண்ணே."

"எப்படிக் கேக்கும்? நாள் பூரா ஒயரை மாட்டிக்கினு பாட்டு கேக்கற காது. இது தொழில் பண்ற காது சார்."

சித்தார்த்தனுக்குக் கோபம்கூட வரவில்லை. அதுவே ஒரு எரிச்சல். அவன் இஞ்சினை நிறுத்தினான். கிளவுஸைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்தான். செயின் கவருக்குப் பின்னால், லூசாகிப் போன போல்ட்டில் ஒரு வாஷர் தொங்கிக்கொண்டிருந்தது. அதை விரலால் சுண்டினான்.

"இதாண்ணே அந்தச் சத்தம்."

வாஷர் ஆடியது தெரிந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி சுண்டினான். டீ கொடுக்க வந்த ரோஜா திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, கொலுசு மாதிரி கேக்குது?"

சகாயராஜுக்குக் கேட்டது ஙொய்ங் மட்டும்தான்.

இஞ்சின் நின்றிருந்தது. பட்டறையில் வேறு எந்த வண்டியும் ஓடவில்லை. ஃபேனைப் பார்த்தார், அதுவும் ஓடவில்லை. ஆனால் ஙொய்ங் ஓடிக்கொண்டே இருந்தது. பொங்கலிலிருந்து கழற்றி எறிந்த நல்ல பேரிங்குகளெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. பயமாக இருந்தது.

"கேக்குதாண்ணே?"

"இதுகூடவா கேக்காது?" என்றார். குரலில் பழைய மிடுக்கு வரவில்லை. ஸ்பேனரை எடுத்து போல்ட்டை முடுக்கினார். கூலி வேண்டாம் என்று கையை ஆட்டி அனுப்பிவைத்தார்.

அவன் போனதும் மயிலம் பச்சைமுத்து, மல்லாக்கொட்டை மூட்டையோடு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தான். பழைய ஆள், பழக்கம் தெரிந்தவன்.

"ஏதோ சத்தம் வருதுண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

சகாயராஜ் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டார்.

"எப்படிடா வருது?" என்றார். "வாயால பண்ணிக் காட்டு."