மூராவுக்கு வந்த கிண்ணம்

முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடிப்பக்கத்தை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் விறகு பிளக்கும் சத்தம் நின்றது. கிரிகோரே என்னைத்தான் பார்க்கிறார் என்று திரும்பாமலே தெரிந்தது. மனிதருக்கு அடுத்த வீட்டு முற்றத்தில் ஒரு துரும்பு அசைந்தாலும் கணக்குப் பார்க்கவேண்டும்.

"நல்ல வாளியை எதுக்குப் பாழாக்குற, சவேத்தா?"

"மூராவுக்கு நாளைக்கு ஆபரேஷன், அண்ணே. தையலை நக்காம இருக்கக் கழுத்துல மாட்டணும்."

"என்ன ஆபரேஷன்?"

"இனிமே குட்டி போடாது. நாலு நாயும் தேடிக்கிட்டு வராது. உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

அவர் கோடாலியைக் கட்டையில் செருகிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "பொழைச்சா சரி" என்றார். அவ்வளவுதான். மறுபடி விறகு பிளக்க ஆரம்பித்துவிட்டார். நான் ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு சொல்லையும் திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு மூரா மேல் கோபம் இருப்பதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். போன வசந்தத்தில் மூரா பருவத்துக்கு வந்தபோது ஊரிலிருந்த கடுவன் நாய்களெல்லாம் எங்கள் தெருவில் கூடிவிட்டன. போகிற போக்கில் கிரிகோரேயின் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே புகுந்து வான்கோழிகளைக் குதறிப் போட்டன. அவை அவர் மனைவி மியோரா ஆசையாக வளர்த்தவை. அவள் அப்போது நோயில் விழுந்து, படுக்கையில் கிடந்தபடி ஜன்னல் வழியாக அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று கிரிகோரே செத்த வான்கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கி வந்து என் வாசலில் போட்டார். "அடுத்த தடவை சொல்லிட்டெல்லாம் செய்யமாட்டேன்" என்றார். மூரா போட்ட குட்டிகள் நான் சந்தைக்குப் போய் வருவதற்குள் காணாமல் போயின. கோடையில் எங்கள் தெருவில் இரண்டு நாய்கள் வாயில் நுரை தள்ளிச் செத்துக்கிடந்தன. எதைத் தின்றன, யார் வைத்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிரிகோரேயின் கொட்டகையில் எலி மருந்து உண்டு. எலி மருந்து யார் வீட்டில்தான் இல்லை?

இலையுதிர் காலத்தில் மியோரா போய்ச் சேர்ந்தாள். அவள் நடமாடிக்கொண்டிருந்த நாளெல்லாம் வேலியில் ஒரு பலகை விலகிய இடம் வழியாக மூராவுக்கு எலும்பு கொடுப்பாள். அடக்கம் முடிந்த மறுநாளே கிரிகோரே அந்த இடத்தில் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார். அதனால்தான் பனி உருகி அடுத்த பருவம் வருவதற்குள் மூராவுக்கு ஆபரேஷன் செய்துவிடவேண்டும் என்று நான் துடித்தேன். என் பெண் இத்தாலியில் கிழவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். கணவர் கல்லறையில் இருக்கிறார். நான் பேசினால் தலையைத் திருப்பிப் பார்க்க வீட்டில் இருக்கும் ஒரே உயிர் மூராதான்.

வாளியை அறுத்த அன்று சாயங்காலத்தோடு மூராவுக்குச் சோறு கிடையாது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். வயிறு காலியாக இல்லாவிட்டால் மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குழாயில் போய்விடுமாம். மூரா காலித் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தது. பாவி, நானும் அன்று சாப்பிடவில்லை.

காலையில் அக்லாயா பனிச்சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். சிறுவயதிலிருந்தே என் தோழி. நாக்கு மட்டும் இன்னும் வயசுக்கு வரவில்லை.

"நமக்கெல்லாம் இப்படி நகரத்து ஆபரேஷன் வண்டி ஒண்ணு ஊருக்குள்ள வந்து நின்னு, வாங்கம்மா, இலவசமா முடிச்சு விடுறோம்னு அந்தக் காலத்துல யாராவது கூப்பிட்டாங்களாடி?" என்றாள்.

"வாயை மூடிட்டு இழு."

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? செத்தா போகப்போவுது?"

"அந்தப் பேச்சைப் பேசாதன்னேன்ல."

அவள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தாள். மூரா வண்டியில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தது. கிரிகோரேயின் வாசலைக் கடக்கும்போது மட்டும் தலையைத் தூக்கி, பலகை அடித்த இடத்தைப் பார்த்தது.

பள்ளிக்கூட முற்றத்தில் நகரத்திலிருந்து வந்த மருத்துவ வண்டி நின்றது. மருத்துவர் சின்னப் பெண், பெயர் ராலுகா. மூராவின் முன்காலில் கொஞ்சம் மயிரை வழித்து ஊசி போட்டார். அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கண் மூடாமலே பார்வை மட்டும் போய்விட்டது. நான் வெளியே பனியில் நின்று பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் ஆயிற்று. எனக்குப் பின்னால் வந்த நாய்களையெல்லாம் முடித்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"கொஞ்சம் ரத்தம் கூடுதலாப் போயிடுச்சும்மா. நிறுத்திட்டோம். கதகதப்பா வெச்சுக்கங்க, குதிக்க விடாதீங்க. சாப்பிட ஆரம்பிச்சிட்டா பயமில்ல."

என் கணவரின் பழைய கம்பளி உள்சட்டையில் மூராவின் கால்களை நுழைத்து, முதுகில் முடிச்சுப் போட்டு, அடியில்லாத வாளியைக் கழுத்தில் மாட்டினேன். அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன். மறுநாள் தண்ணீர் குடித்தது. அதற்கு மறுநாளும் தண்ணீர் மட்டும்தான். ரொட்டியைப் பாலில் தோய்த்துக் கொடுத்தேன், ஈரலை வதக்கிக் கொடுத்தேன், முட்டையை என் விரலில் தடவி நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. சட்டையைத் தூக்கித் தையலைப் பார்த்தால் சீழ் இல்லை, வீக்கமும் பெரிதாக இல்லை. ஆனால் மூக்கு காய்ந்து கிடந்தது. மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "இன்னிக்கும் சாப்பிடலைன்னா எப்படியாவது நகரத்துக்குக் கொண்டு வந்துடுங்க" என்றார். எப்படியாவது என்றால் எப்படி? இரவு பெய்த பனியில் சாலை மூடிக் கிடந்தது. இந்த நாயும் போய்விட்டால் நான் இந்த வீட்டில் சுவரோடுதான் பேசவேண்டும். அதை நினைத்து அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அன்று ஆன்மாக்களின் சனிக்கிழமை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்புக்கு முன்னால் வருவது. எல்லோரும் தம் வீட்டு இறந்தவர்களை நினைத்துச் சமைத்து, புதுக் கிண்ணத்தில் போட்டு, புது மரக்கரண்டியும் ஏற்றிய மெழுகுவர்த்தியுமாக அக்கம்பக்கத்தில் கொடுப்போம். கொடுப்பதை யாரும் மறுக்கக்கூடாது. மறுத்தால் செத்தவர் வாயிலிருந்து பிடுங்கின மாதிரி. வாங்கினவர் மெழுகுவர்த்தி அணைவதற்குள் கொடுத்தவர் கண்ணெதிரே ஒரு வாய் சாப்பிட்டு, "அவங்களுக்குப் போய்ச் சேரட்டும்" என்று சொல்லவேண்டும். கொடுத்தவர் அதிலிருந்து ஒரு பருக்கை தொடக்கூடாது. நான் என் கணவருக்காக அக்லாயா வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து கதவைத் திறந்தபோது வேலியோரம் கிரிகோரே நின்றிருந்தார். கையில் கிண்ணம், விளிம்பில் ஒட்டவைத்த மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

"மியோராவுக்காக" என்று நீட்டினார்.

வாங்கினேன். வேறென்ன செய்ய? கோழிக்கறியும் அரிசியும் குழைய வெந்திருந்தது. ஆவி வந்தது.

"இது உனக்கில்ல. மூராவுக்கு."

"நாய்க்கா?"

"கனவுல வந்தா. இந்த வேலிகிட்ட நின்னுக்கிட்டு, அந்த நாய் பட்டினி கெடக்கு, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாங்கிறா. இருந்தப்பவும் இப்படித்தான் ஏசுவா."

மூரா பட்டினி கிடப்பது என்னையும் அக்லாயாவையும் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். பிறகுதான் நான் அழுதது ஞாபகம் வந்தது. சுவர் என்ன, சத்தம் வெளியே கேட்காத அளவுக்கு அவ்வளவு கனமா?

எனக்குப் பின்னால் வாளி கதவு நிலையில் இடித்தது. மூரா எழுந்து வந்துவிட்டது. கணவரின் சட்டையோடு, கால்கள் தள்ளாட, மூக்கை உயர்த்திக்கொண்டு நேராகக் கிண்ணத்தை நோக்கி வந்தது. வால் ஆடியது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வால் ஆடியது அப்போதுதான். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். அதே சமயம் கோடையில் நுரை தள்ளிச் செத்த அந்த இரண்டு நாய்களும் ஞாபகத்துக்கு வந்தன. இதை இது சாப்பிட்டால் பிழைக்கும். இதைச் சாப்பிட்டால்தான் பிழைக்குமா, இதைச் சாப்பிடாவிட்டால்தான் பிழைக்குமா?

"நீங்க ஒரு வாய் எடுத்துக்கங்க, அண்ணே" என்றேன்.

"கொடுத்தவன் திங்கலாமா? அப்புறம் அவளுக்கு என்ன போய்ச் சேரும்?"

வழக்கம் அதுதான். மறுத்துப் பேச வழியில்லை.

"அப்ப வாங்கினவ நான் ஒரு வாய் சாப்பிடுறேன்."

"உனக்கு எதுக்கு?" வேகமாகச் சொன்னார். "உப்பே போடல. நாய்க்குன்னு தனியா ஆக்கினது. உனக்கு வேற வெச்சிருக்கேன், கொண்டாறேன்."

கரண்டியை எடுத்தேன். என் கணவரின் சவப்பெட்டியைத் தோள்கொடுத்துத் தூக்கியவர் இவர். நாயைக் கொல்வார், என்னைக் கொல்லமாட்டார். உள்ளே ஏதாவது இருந்தால் என் கையைத் தட்டிவிடுவார். அந்த ஒரு நம்பிக்கையில் கறியும் சோறுமாக அள்ளி வாய்க்குக் கொண்டுபோனேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தை மனிதர்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்வார்கள். கையைத்தான் பார்த்தேன்.

கை சட்டென்று வேலியைத் தாண்டி வந்தது.

கரண்டி உதட்டருகே நின்றது. அந்தக் கை கரண்டிக்கு வரவில்லை. மெழுகுவர்த்தியைச் சுற்றிக் குவிந்து நின்றது. அப்போதுதான் காற்று வீசுவதையே கவனித்தேன்.

"சீக்கிரம் சாப்பிடு" என்றார். "அணைஞ்சிடப் போவுது."

வாயில் போட்டேன். உப்பில்லை. மென்று விழுங்கினேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்குப் போய்ச் சேரட்டும்" என்றேன்.

"சேரட்டும்" என்றார். "கிண்ணத்தைக் கீழ வை, சவேத்தா. பாவம், எவ்வளவு நேரமா நிக்குது."

நான் வைக்கவில்லை. இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எலி மருந்து கலந்திருந்தால் என் வயிறு முதலில் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். மூரா வாளி விளிம்பால் என் முழங்காலை முட்டியது, முனகியது, மறுபடி முட்டியது. அவர் கையை எடுக்கவில்லை. விரல்களுக்கு நடுவே சுடர் நிமிர்ந்து எரிந்தது. மெழுகுவர்த்தி இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.