என் சக்களத்தி லிவா

எனக்கு ஒரு சக்களத்தி இருக்கா. லிவான்னு பேரு, கடலுக்கடியில குடியிருக்கிற கடல்கன்னி. காத்து உருளையை முதுகுல கட்டிக்கிட்டு சிங்கி இறாலுக்கு முங்குற ஆம்பளைங்கள்ல பேராசைக்காரனா பாத்து அடிச்சுப் போடுவான்னு எங்க மொஸ்கிட்டோ கரையில எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் எர்னோல் இடுப்புக்குக் கீழ விளங்காம வலை ஊஞ்சல்ல கிடக்கிறார்னா அவதான் காரணம். அவளைத் திட்டாத நாளில்லை. வாபுல் கஞ்சிக்கு வாழைப்பழம் மசிக்கும்போதும் வாயில அவ பேருதான்.

போன வருஷம் நர்ஸ் டெல்சியா வந்தா. லிவாவும் இல்லை கிவாவும் இல்லையாம். ஆழத்துலேருந்து அவசரமா மேல வந்தா ரத்தத்துல காத்துக் குமிழி அடைச்சிக் கால் விழுந்துடுமாம். உடனே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா, அங்க அழுத்தக் காத்து அறை இருக்கு, தேறிடலாமாம். நாங்க எர்னோலை மூலிகைப் புகையில கிடத்தி வச்சு நாளைக் கடத்திட்டோமே. அவர் தலையாட்டினதோட சரி.

என் மகன் வில்மோருக்குக் குளிர் விட்டுப்போச்சு. லிவாவுக்குப் பயந்து கரையில கிடந்தவன், ஆழம் காட்டுற கடிகாரம் ஒண்ணை வாங்கிக் கட்டிக்கிட்டுப் படகேறிட்டான். அவதான் இல்லையே, இன்னும் என்னம்மான்னான். குமிழி இருக்கேடான்னேன். மெதுவா வருவேன்னு சிரிச்சான். இறால் குவிஞ்சு கிடக்கிற இடத்துல எவன்டா மெதுவா வருவான்?

படகு திரும்பின காலையில தன் காலால நடந்துதான் வந்தான். எனக்குப் போன உசிரு வந்துச்சு. சாப்பிட உக்காந்தவன் பாதியில கையை நிறுத்தி, கால்ல எறும்பு ஊருதுன்னான். குனிஞ்சு பாத்தேன். எறும்பே இல்லை.

"கீழ யாரையாச்சும் பாத்தியா?" ஊஞ்சல்லேருந்து எர்னோல் கேட்டார்.

வில்மோர் என் முகத்தைப் பாக்கலை. "நீளமா முடி, அப்பா. சிரிச்சா."

குமிழியோ குடிகேடியோ, இந்தத் தடவை புகை போட்டுக்கிட்டு உக்கார மாட்டேன். டவுனுக்குப் போற மோட்டார் படகைப் பிடிக்கணும்னு அவனைக் கைத்தாங்கலா இழுத்துக்கிட்டுக் கிளம்பினேன். வாசல் தாண்டுறதுக்குள்ள அவன் இடது கால் மண்ணுல கோடு போட ஆரம்பிச்சுது.

பின்னாலேருந்து எர்னோல் கூப்பிட்டார். என்னையில்லை, மகனை.

"டேய், என்னை விசாரிச்சாளா?"