இடப்பக்கம் சாய்ந்த தையல்

முதலில் பார்த்தது ரத்தத்தையா, அக்காவின் முகத்தையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று மழை பெய்ததாக எனக்கு நினைவு. மற்றவர்கள் இல்லை என்கிறார்கள்.

விடியும் முன்பே பட்டறையில் உட்கார்ந்துவிடுவோம், பதினெட்டுப் பேர். முழங்கால்களுக்கு நடுவே மரக்கிடுக்கியில் தோல், ஒரு கையில் குத்தூசி, பல்லிடுக்கில் நூல். தோலில் தூசி படியும் என்று முதலாளி ஜன்னல்களுக்கு ஆணி அடித்திருந்தார். பசையின் வாடை தித்திப்பாகத் தொண்டையில் ஒட்டும்.

நாங்கள் தைக்கும் கைப்பையின் பிடியில் தையல் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அசலுக்கு அதுதான் அடையாளம். எங்கள் எல்லாருக்கும் மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவோம்; அவளுக்கு இடக்கைப் பழக்கம். வேலைக்கு வந்த புதிதில் அவள் தைத்த பைகளைப் பழுது என்று மூலையில் வீசியிருந்தார்கள். அவசரமாகப் பை கேட்டு வந்த ஒரு நடிகை அந்தக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துப்போனாள். படம் பத்திரிகைகளில் வந்தது. அதற்குப் பிறகு, வலக்கைக்காரர்களான நாங்கள் மணிக்கட்டைத் திருகித் திருகி அக்காவின் கோணலைக் கற்றோம்.

அன்று குத்தூசி அவளுடைய வலது உள்ளங்கையில் பாதி இறங்கியிருந்தது. தோல் ஏன் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதுபோல அவள் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கை!" என்று அலறினாள், நூலுக்கு மெழுகு பூசுகிறவள். அவளை மெழுகு என்றே கூப்பிடுவோம்.

"எந்தக் கை?" என்றாள் அக்கா.

விரல்கள் மரத்துப்போய் மாதக்கணக்காகியிருந்தது. மறைத்திருக்கிறாள்.

கம்பெனியின் ஆண்டுவிழாப் புத்தகத்தோடு வந்த முதலாளி, ரத்தம் பட்ட தோலைத்தான் முதலில் தூக்கிப் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம்மா."

"பசைதான் முதலாளி அவங்க கையைத் தின்னுடுச்சு. ஜன்னலைத் திறங்க. அக்காவுக்கு வைத்தியம் பாருங்க" என்றாள் மெழுகு.

"எல்லாருக்கும் அதே பசைதானே? மத்தவங்க கை நல்லாத்தானே இருக்கு?"

கிடுக்கிக்கு அடியில் என் விரல்களைக் கிள்ளிப் பார்த்தேன். இரண்டில் வலிக்கவில்லை.

"இந்தத் தையலே அக்காவோடதுதான்" என்றாள் மெழுகு.

"யார் சொன்னா? எங்க தாத்தா கடல் அலையைப் பார்த்து வரைஞ்சது. புத்தகத்துல போட்டிருக்கு, படி."

"தாத்தா பார்த்த அலை எங்க மணிக்கட்டுல வந்து ஏன் அடிக்குது?"

யாரோ சிரித்தார்கள். பிறகு வெகுநேரம் மழைச் சத்தம் மட்டும். மழை பெய்திருக்கத்தான் வேண்டும்.

நான் பேசத் தெரியாதவன். கிடுக்கியை இறுக்கி, மணிக்கட்டைத் திருகாமல் தைத்தேன். தையல் நேராக விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் பார்த்தார். அவரும் நேராகத் தைத்தார். அக்காவும் மெழுகும் போக, மதியத்துக்குள் பதினாறு பேரின் பிடிகளும் நேராக இருந்தன.

"என்னய்யா இது? இதை எவன் வாங்குவான்?"

"அலை ஓஞ்சிடுச்சு முதலாளி" என்றாள் மெழுகு. "ஜன்னலைத் திறந்து, அக்காவையும் கூப்பிட்டா மறுபடி அடிக்கும்."

பதினோரு நாள் நேராகத் தைத்தோம். பன்னிரண்டாம் நாள் கதவில் பூட்டுத் தொங்கியது. இப்போது அந்தப் பையை வேறெங்கோ தைக்கிறார்கள்; அங்கேயும் இடப்பக்கம் சாய்கிறது. முதலாளி விழாவை நடத்திவிட்டார். மெழுகு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். எனக்கு மூன்று விரல்களில் உணர்வில்லை. அக்காவால் கரண்டி பிடிக்க முடியாது. முதலாளி மேல் நாங்கள் போட்ட வழக்கு நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பதினெட்டுப் பேரும் போகிறோம். கிளம்பும்போது அக்காவின் செருப்பு வாரை மாட்டிவிட எங்களில் யாராவது குனிகிறோம்.