பதினாலில் ஒன்று

கேக்கை வெட்டிக்கொண்டிருந்த ஆர்லிஸின் கத்தி பாதியில் நின்றது. ஓட்டு எண்ணிவிட்டு வந்த ஹார்லன் வாசல் மிதியடியிலேயே நின்றுவிட்டான். பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல், லீலண்டின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"பதின்மூணு, லீலண்ட். பதின்மூணுதான்."

சமையலறையில் கூடியிருந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. ஊரில் மொத்தம் பதினாலு ஓட்டு. ஆர்லிஸின் கணவர் லீலண்ட் ப்ரூன் முதன்முதலாக மாநில சட்டசபைக்கு நின்ற வருஷத்திலிருந்து இந்த ஊர் ஒன்றுகூடச் சிந்தாமல் அவருக்கே போட்டு வந்தது. தொகுதி மூன்று மாவட்டங்களில் பரந்து கிடந்தது. அதில் அவர் ஜெயிப்பார் என்பது நவம்பருக்குப் பிறகு டிசம்பர் வரும் என்கிற மாதிரி விஷயம். ஆனால் அது வெறும் வெற்றி. 'என் ஊரில் எனக்கு எதிரா ஒருத்தர் கிடையாது' என்று தலைநகரில் சொல்லிக்கொள்வதில்தான் அவருக்கு ருசி. ஒவ்வொரு தேர்தல் சாயங்காலமும் ஊரே இந்த வீட்டில் கூடும். எல்லா ஓட்டும் விழுந்தது என்று ஹார்லன் வந்து சொன்ன பிறகுதான் கேக்கைத் தொடுவார்கள்.

லீலண்ட் சிரித்தார். "அதனால என்ன? ஜனநாயகம்னா அப்படித்தான். எல்லாருக்கும் எடுத்துக் குடு, ஆர்லிஸ்."

அவள் வெட்டிக் கொடுத்தாள். அந்த ஒரு ஓட்டு அவளுடையது.

எதிர்த்து நின்ற பெண்ணை அவள் பார்த்ததுகூட இல்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுப்பவள் என்று கேள்வி. டவுனில் இருந்த முதியோர் இல்லத்துக்கு மாநிலம் கொடுத்துவந்த பணத்தை நிறுத்த மசோதா வந்தபோது, லீலண்ட் இதே மேசையில் உட்கார்ந்து, "உங்க அக்கா இருக்கிற இடம், நான் விட்டுருவேனா?" என்றார். தலைநகருக்குப் போனார், கட்சி சொன்ன பக்கம் கையைத் தூக்கினார், திரும்பி வந்து கோழி சாப்பிட்டார். இல்லத்தை மூடினார்கள். அக்காவை எங்கோ தொலைதூரத்து இல்லத்துக்கு வேனில் ஏற்றி அனுப்பினார்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத அந்த இடத்தில் அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, சாப்பிட மறுத்தே செத்துப்போனாள். அடக்கத்தன்று லீலண்ட் மிக அழகாகப் பேசினார். ஆர்லிஸ் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுப் பழகாதவள் திடீரென்று எப்படிக் கேட்பாள்? ஓட்டுப் போடும் மறைப்புக்குப் பின்னால் நின்று பேனாவை எடுத்தபோதுதான், இங்கே கேட்டால் யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. பதினாலு பேர் இருக்கிற ஊரில் தும்மினால்கூட யார் தும்மினார்கள் என்று தெரிந்துவிடும். அது அந்த நிமிஷத்தில் அவள் புத்திக்கு எட்டவில்லை.

ஆளைக் கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு துண்டு கேக் தின்னும் நேரம்தான் ஆனது. டெல்மர் வோசிகா மட்டும் அன்றைக்கு இந்த வீட்டுக்கு வந்திருக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டியவன். அவன் அம்மாவும் அதே இல்லத்தில் இருந்தவள்தான். அதே வேனில் போய், அக்காவுக்கு முன்னாலேயே செத்தவள்.

"அவனேதான்," என்றாள் ஹார்லனின் மனைவி கோலீன். "அம்மா போனதுலேருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியறான்."

"பாவம், விடுங்க," என்றார் லீலண்ட். "யாரும் அவனை ஒண்ணும் சொல்லக்கூடாது."

விடுங்கள் என்று அவர் சொன்ன விதத்திலேயே விடாதீர்கள் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க, பனி தள்ளும் ஹார்லனின் வண்டி டெல்மர் வீட்டுப் பாதை வந்ததும் பனி வழிக்கும் தகட்டைத் தூக்கிக்கொண்டு போனது. எரிவாயு லாரி உள்ளே போக முடியாமல் திரும்பியது. எதிரே வந்தவர்களெல்லாம், "யோவ் டெல்மர், அந்த பேண்டு டீச்சர் உனக்கு என்னய்யா வாசிச்சுக் காட்டினா? ஏன்யா இப்படிப் பண்ணினே?" என்று கேட்டார்கள். "நான் லீலண்டுக்குத்தான் போட்டேன்," என்று அவன் கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான்.

ஆர்லிஸின் சமையலறை ஜன்னலிலிருந்து அவன் வீடு தெரியும். மண்வெட்டியோடு அவன் தனியாகப் பனியோடு மல்லுக்கட்டுவதைக் காப்பிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டு நிற்பாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். மாவு பிசைய ஆரம்பித்ததும் நாளைக்கு என்று ஆகிவிடும். பனி உருகினால் ஊர் மறந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வெட்கக்கேடுதான், அது அவளுக்கும் தெரிந்தே இருந்தது.

பிப்ரவரியில் சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் ஊர் விருந்து. போகும் வழியில் லீலண்ட் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"ஊர்ல எல்லாரும் டெல்மரைத் திட்டித் தீர்த்துட்டாங்க. நீ மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஏன் ஆர்லிஸ்?"

"எனக்கு என்ன வந்துச்சு?"

"சும்மா கேட்டேன். வேற ஒண்ணுமில்ல."

விருந்தில் உருளைக்கிழங்கு பரிமாறும் வேலை அவளுடையது. வரிசையில் டெல்மர் வந்தான். வேறு சர்ச்காரனானாலும் வருஷம் தவறாமல் வருகிறவன். வராமல் இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று வந்திருப்பான் போல. தட்டை நீட்டினான்.

"பாத்துப் போடு, ஆர்லிஸ்," என்றாள் கோலீன். "போடற கையைக் கடிச்சிடப் போறான்."

சுவரோரம் லீலண்ட் காப்பியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்லிஸின் வாய் திறந்தது.

"எங்க கடிக்கிறது? இவனுக்கு ஊட்டித்தான் பழக்கம். இல்லத்துல அம்மாவுக்கு ஒரு வாய் ஊட்டிட்டு, மறு வாய் அழுதுக்கிட்டே இவன் முழுங்குவான். தாலாட்டு வேற. அந்தம்மாவுக்கு இவன் யாருன்னே தெரியாது. இந்த ஆளை வெளிய அனுப்புங்கன்னு நர்ஸ்கிட்டக் கெஞ்சும்."

சிரிப்பு மேசைக்கு மேசை தாவியது. ஹார்லன் தொடையைத் தட்டிச் சிரித்தான். அந்தப் பாட்டையும் அழுகையையும் அவளைத் தவிர யாரும் கேட்டதில்லை. இல்லத்து வராண்டாவில் அவள் அக்காவும் அவன் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் இருந்தார்கள். சாயங்காலம் தோறும் இவர்கள் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து ஊட்டினார்கள். அங்கே ஒருவர் அழுதால் மற்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வது வழக்கம்.

டெல்மர் தட்டைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். லீலண்ட் வந்து அவள் முதுகில் கையை வைத்தார். "கிழங்கு நல்லா வந்திருக்கு," என்றார்.

பனி உருகியதும் டெல்மர் நிலத்தை விற்றுவிட்டு நகரத்திலிருக்கும் தங்கை மகனிடம் போவதாகச் செய்தி வந்தது. அவன் வீட்டு முற்றத்திலேயே சாமான்கள் ஏலம். அவனைத் தலைமுழுகியவர்களெல்லாம் மலிவாகக் கிடைக்கும் என்று முதல் ஆளாக வந்து நின்றார்கள். பம்புசெட்டுக்குப் பின்னால் அவன் தனியாக நிற்பதைப் பார்த்து ஆர்லிஸ் போனாள்.

"டெல்மர், அந்த ஓட்டு..."

"தெரியும்," என்றான். "ஊர்ல அத்தனை பேரும் ஏன்டா போட்டேன்னு எங்கிட்டக் கேட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் கேக்கல."

"அப்ப ஏன் சொல்லல?"

"வராண்டால எங்கூட உக்காந்தவங்க நீங்க." அவன் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டான். "விருந்து வரைக்கும் எனக்கு அது போதுமா இருந்துச்சு. நான் நெசமாவே லீலண்டுக்குத்தான் போட்டேன், ஆர்லிஸ். நம்ம ஊர்க்காரன்னு."

அதற்குள் ஏலக்காரர் ஒரு பச்சை மெத்தை நாற்காலியைத் தூக்கி வைத்தார். கைப்பிடியெல்லாம் தேய்ந்து நூல் நூலாகத் தொங்கியது. இல்லத்தில் டெல்மரின் அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி, இல்லத்தை மூடியபோது அவன் வீட்டுக்கு எடுத்துவந்தது. கிழிந்த சாமானை யார் வாங்குவார்கள் என்று கூட்டம் சிரித்தபோது லீலண்ட் கையைத் தூக்கினார். அவருக்கு எதிராக யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அதை அவரே தூக்கிவந்து, சமையலறை ஜன்னலுக்கு நேராகப் போட்டார். இங்கும் அங்கும் நகர்த்திச் சரிபார்த்தார்.

"உக்காரு, ஆர்லிஸ். உனக்காகத்தான் வாங்கினேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் எதுவும் இல்லை. கேக் வெட்டச் சொன்ன அன்றைக்கு இருந்த அதே சிரிப்புதான் இருந்தது. அவருக்கு அன்றைக்கே தெரியும் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் உட்கார்ந்தாள்.

"அடுத்த தேர்தலுக்கு நம்ம ஊர்ல பதின்மூணு ஓட்டுதான்," என்றார் லீலண்ட், அவளுக்குக் காப்பி ஊற்றியபடி. "பதின்மூணும் விழுந்துடும், இல்லையா?"

பிடிமானத்துக்காக மெத்தை இடுக்கில் நுழைந்த அவள் விரல்களில் ஏதோ தட்டுப்பட்டது. இல்லத்தில் கொடுக்கிற சின்ன பிளாஸ்டிக் கரண்டி, காய்ந்த கூழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கைக்குள் மூடிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே, டெல்மர் வீட்டுப் பாதையில் பனி சுத்தமாக உருகி, சாமான் ஏற்றிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாராளமாக வந்துகொண்டிருந்தன. லீலண்ட் கோப்பையை நீட்டியபடி பதிலுக்குக் காத்திருந்தார்.