நாற்பது நிமிட இருட்டு

ஒரு மணி நேரத்தை டேப்பில் பிடித்திருந்தால், அதைக் கணினியில் ஏற்றவும் முழுசாக ஒரு மணி நேரம் ஆகும். இந்தச் சங்கதியை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் என் கணவன் ஆர்விட்டின் வீட்டுப் படியேறியிருக்கவே மாட்டேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம். ஒன்பது மாதமாகத் தனித்தனி வீடு. சண்டை எதுவும் இல்லை. சண்டை போடுவதற்கும் பேச வேண்டுமே. அவன் வாயைத் திறக்கிற ஆளில்லை, நான் சுவரோடு பேசிப் பேசி அலுத்துப்போனேன். ஞாயிற்றுக்கிழமை இந்த டுலூத் ஊரை விட்டு அரிசோனாவில் இருக்கும் அக்காவிடம் போவதாக ஏற்பாடு. விவாகரத்துத் தாளில் அவன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதை வாங்கிக்கொண்டு, வீட்டு வீடியோக்களையும் ஒரு பிரதி எடுத்துப் போகலாம் என்று வந்தேன்.

எங்கள் மகள் ஜனெல் வாங்கித் தந்த புது கேமரா ஒரு தொந்தரவும் தரவில்லை. நகத்தளவு கார்டு. கணினியில் செருகினான், நான் காபி ஊற்றி முடிப்பதற்குள் ஆறு வருடம் ஏறிவிட்டது. எடுத்த அன்றே உட்கார்ந்து சரியில்லாததையெல்லாம் அழித்துவிடுவது அவன் வழக்கம். ஆடின படம், கொட்டாவி, உம்மென்ற முகம், ஒன்றும் மிஞ்சாது. பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ஆறு வருடமும் இளித்துக்கொண்டே இருந்தோம் என்று தோன்றும். பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா?

பழைய கேமராவின் டேப்புகள் பதினொன்று. அவை அந்தக் கேமராவில்தான் ஓடும். நடுவில் சிக்கினால் எடுத்துவிட ஆள் வேண்டும். ஆகவே மூன்று நாள், மத்தியானந்தோறும், ஒரே சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. திரையில் ஜனெல் ஏரித் தண்ணீரில் கால் நனைத்துக் கூச்சலிட்டாள். சில நேரம் எது இன்றைய நாள் என்றே எனக்குப் பிடிபடவில்லை. பனிதான் பழைய படம் போலவும், அந்த வெயிலில்தான் நான் உட்கார்ந்திருப்பது போலவும் இருந்தது. அவன் காட்டரிசி சூப் கொண்டுவந்து வைப்பான். குடிப்பேன். பேச்சில்லை.

கடைசி டேப் ஆகஸ்ட் மாதக் கண்காட்சி. இருபது நிமிடம் ஆடுகளும் ராட்டினமும். பிறகு திரை முழுக்க ஒரு ஷூ. படம் பிடிக்கும் சிவப்புப் பொத்தானை ஒருதரம் கூடுதலாக அழுத்திவிடுவது ஆர்விட்டின் பிறவிக் குணம். ஓடுகிறது என்று நினைத்தால் நின்றிருக்கும், நின்றது என்று நினைத்தால் ஓடும். எங்கள் வீட்டில் இதற்கு ‘ஷூ படம்’ என்றே பெயர். புது கேமராவென்றால் அன்றைக்கே அழித்திருப்பான். இது டேப், அது பாட்டுக்கு ஓடியது. கேமரா பைக்குள் போனது, திரை இருண்டது. கார்க் கதவு சாத்தும் சத்தம், பிறகு எஞ்சின்.

அவன் நிறுத்தப் போனான். இருக்கட்டும் என்றேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், காரில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதில் ஒரு அற்பச் சந்தோஷம்கூட வந்தது.

“பாத்தியா, அப்பவே நமக்குள்ள பேச்சில்ல.”

“நீ தூங்கிட்ட, மார்லிஸ். நல்லாக் கேளு.”

கேட்டேன். மெல்லிய குறட்டை. என்னுடையதுதான். வெட்கமாகப் போயிற்று.

அப்போது குறட்டைக்கு அடியில் தேனீக் கூட்டம்போல ஒரு ரீங்காரம் எழுந்து அடங்கியது. இந்த ஊரில் யாருக்கும் அது தெரியும். தூக்குப் பாலத்தின் தளம் இரும்பு வலை; சக்கரம் ஏறினால் அப்படித்தான் பாடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் நீண்ட மணல்திட்டு மட்டும்தான். திரும்பி வரவும் அதே பாலம்தான்.

“நம்ம வீடு இந்தப் பக்கம்ல இருக்கு? அங்க எதுக்குப் போன?”

அவன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி ரீங்காரம். வீட்டுக்குத் திரும்புகிறான் என்று நினைத்தேன். மூன்றாவது தரம் கேட்டது. பிறகு நான்காவது. என் குறட்டை சீராகப் போய்க்கொண்டிருந்தது.

“அப்ப நீ ஆஸ்பத்திரில ரெண்டு ஷிப்ட் பாத்துட்டிருந்த,” என்றான் திரையைப் பார்த்தபடி. “வண்டிய நிறுத்தினா முழிச்சிருவ.”

“ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?”

“சொல்ல என்ன இருக்கு? நீ தூங்கின. நான் ஓட்டினேன்.”

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இந்த ஒரு விஷயத்தை என் காதில் போட இந்த மனுஷனுக்கு இத்தனை வருடமும், தப்பாக அழுத்தின ஒரு பொத்தானும் வேண்டியிருந்ததே என்று அவனை உலுக்க வேண்டும்போல் இருந்தது.

ஐந்தாவது ரீங்காரத்தின் பாதியில் டேப் தீர்ந்து நின்றது. ஆர்விட் மேஜைமேல் இருந்த தாளைத் தன் பக்கம் இழுத்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, எந்த இடத்தில் போட வேண்டும் என்று கேட்டான்.

“பேனாவ வை, ஆர்விட்,” என்றேன். “வண்டிச் சாவிய எடு. எனக்குத் தூக்கம் வருது.”