நடக்க இருந்த ஐந்து

எனக்கு யாரையும் லேசில் நம்பும் வழக்கமில்லை. மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு அந்தக் குணம் இருந்தே ஆக வேண்டும். பன்னிரண்டு பேர் வீட்டுப்பாடம் கொண்டுவந்தால் எட்டுப் பேர் ஒரே ஆளைப் பார்த்து எழுதியிருப்பார்கள். கேட்டால் திருட்டு முழி முழிப்பார்கள்.

அதனால் போன வாரம் ஒரு நிபந்தனை போட்டேன். நடப்பதாக இருந்து நடக்காமல் போனதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'வாஸ் கோயிங் டு', 'வாஸ் சப்போஸ்ட் டு' என்று வசதியாக நாலைந்து வழி வைத்திருக்கிறார்கள். "அஞ்சு வாக்கியம். சொந்த வாழ்க்கையில நடந்ததா இருக்கணும். கதை விட்டீங்க, தொலைச்சுடுவேன்!" என்றேன்.

இன்று வகுப்பு முடிந்தும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண் மட்டும் போகவில்லை. சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. அளவுக்கு மீறிய மரியாதை. அதுவே எனக்கு உறுத்தல்தான்.

"இப்பவே திருத்திக் குடுங்க டீச்சர்," என்று நோட்டை நீட்டினாள்.

முதல் வாக்கியம்: 'மூன்று வருடத்துக்கு முன் எனக்குக் கல்யாணம் நடக்க இருந்தது.' இரண்டாவது: 'மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறன்று வருவதாக இருந்தது; சனிக்கிழமை, மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது என்று மொட்டைக் கடிதம் வந்தது.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கடிதத்தை எழுதியவள் நான். மாப்பிள்ளை என் தம்பி. அம்மா அப்பா போனபிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். வருகிறவள் பிரித்துக்கொண்டு போய்விடுவாள் என்று சந்தேகம். பெண்ணின் போட்டோவைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. பெயரும் உறைக்கவில்லை, அதே பெயரில் வகுப்பிலேயே இன்னொருத்தி இருக்கிறாள். கடிதம் என் வேலை என்று தெரிந்தால் தம்பி என் முகத்தில் முழிக்க மாட்டான்.

இவள் வேவு பார்க்க வந்தவளா?

"இது நிஜமா, கதையா?"

"நீங்கதான டீச்சர் நிஜத்தை எழுதச் சொன்னீங்க."

மூன்றாவது: 'போன வருடம் அவரை மறுபடி சந்தித்தேன், அவர் தன் அக்காவிடம் உடனே சொல்வதாக இருந்தார், ஆனால் முதலில் நீ பழகு என்று என்னை இங்கே அனுப்பினார்.'

அடப்பாவி! அதனால்தான் இத்தனை நாளாக வீட்டில் என்னைப் பார்த்ததும் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தானா? போன வெள்ளிக்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஓவர்டைம் என்று கிளம்பினான். ஓவர்டைமுக்கு எவன்டா புதுச் சட்டை போடுவான் என்று கேட்டேன். சிரித்து மழுப்பினான்.

நான்காவது: 'அந்த மொட்டைக் கடிதத்தைக் கிழித்துப்போட இருந்தேன், ஆசிரியர் என் நோட்டு ஓரத்தில் தமிழில் விளக்கம் எழுதித் தந்த அன்று, நானும் அவரும் இரண்டின் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.'

ஐந்தாவதைப் படிக்க எனக்குப் பயமாக இருந்தது. 'போன வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட அவருடைய அக்காவைக் கூப்பிடுவதாக இருந்தோம்.'

"அவன் எங்க?"

"கீழ நிக்கிறார். இன்னைக்கு நாங்க தனி வீட்டுக்கு மாறுறோம் டீச்சர். மேல வாங்கன்னு எவ்வளவோ சொன்னேன், வரமாட்டேன்னுட்டார்."

ஜன்னலுக்கு ஓடினேன். பைக் பக்கத்தில் நின்றிருந்தான். "தம்பி!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவன் மட்டும் நிமிரவில்லை. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.