தனி அறையில் நடந்த தேர்வு

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. எதற்கெடுத்தாலும் விதியை எடுத்து நீட்டுவதால் வகுப்பில் சட்டக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. தேர்வுக்குத் தனி அறை, சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம். மூன்றையும் கல்லூரியோடு மல்லுக்கட்டித்தான் வாங்கினாள்.

எழுத வந்தவள் முதலாண்டு மாணவி. குச்சி உடம்பு, கீச்சுக்குரல். குருவி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

கடைசித் தேர்வன்று, மற்றவர்கள் முடித்துப் போன பிறகும் இவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர், "இதோ வந்துடறேம்மா" என்று வெளியே போனார். சற்று நேரத்தில் கதவு படாரென்று சுவரில் மோதியது.

"நாங்க மூணு மணி நேரத்துல மண்டைய உடைச்சுக்கணும். மகாராணிக்கு மட்டும் தனி ரூமா?"

குரல் தெரிந்தது. கால்பந்து கேப்டன். அவள் வகுப்புதான், இதே பாடத்தில் இரண்டு முறை தோற்றவன்.

"பரீட்சை நடக்குது. வெளிய போ."

"பதில் யார் சொல்றா? நீயா, இவளா?"

தாள் கிழிபட்டது. "அண்ணா, வேணாம்ணா!" என்று குருவி பதறினாள். பளீரென்று ஓர் அறை.

"இந்தக் கைதானே எழுதுது?"

சாக்பீஸ் ஒடிவதுபோல் ஒரு சத்தம். அதன் பிறகுதான் குருவி அலறினாள்.

சட்டக்காரி உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியைத் தூக்கி, அவன் மூச்சு வந்த பக்கம் வீசினாள். முதல் வீச்சு மேசையில் பட்டுத் தோள் வரை அதிர்ந்தது. அதற்குள் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினான். உதடு கிழிந்தது, ஒரு பல் நாக்கில் உருண்டது. மண்டியிட்டபடியே நாற்காலியைச் சுழற்றினாள். முழங்காலில் பட்டு அவன் தடாலென்று விழுந்தான். மறுபடி ஓங்கி இறக்கினாள். மூக்கு நொறுங்கியதைக் கைகளிலேயே உணர்ந்தாள்.

"போதும், விடு... விட்ரு..."

கேட்டது. கேட்ட பிறகும் இன்னொரு தடவை இறக்கினாள்.

ஒரு வாரம் கழித்து விசாரணை. முதல்வர் இதமாகத்தான் பேசினார்.

"தனி ரூம் குடுத்ததாலதானே இவ்வளவு வம்பு? இனிமே எல்லாரோடயும் உட்கார்ந்து எழுதும்மா."

"ரூம் குடுத்ததால இல்ல சார். காவல் இருக்க வேண்டியவர் எழுந்து போனதால." தையல் போட்ட உதடு இழுத்தது. "இன்னொண்ணும் எழுதிக்கங்க. அவன் போதும்னு கெஞ்சினதுக்கப்புறமும் ஒரு அடி அடிச்சேன். அது குருவியக் காப்பாத்த இல்ல. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க."

அவளாகச் சொல்லியிருக்காவிட்டால் கேப்டன் சொன்னாலும் அந்த அடியை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கேப்டனைக் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். போலீஸ் வழக்கும் பாய்ந்தது. மேற்பார்வையாளருக்கு வேலை போயிற்று. அவளுக்கு இரண்டு வாரம் இடைநீக்கம், அது முடிந்ததும் மறுதேர்வு. தனி அறை தப்பியது.

குருவியைப் பார்க்க வீட்டுக்குப் போனாள். மாவுக்கட்டைத் தடவி, "வலிக்குதாடி?" என்றாள்.

"பரவால்லக்கா. ஆனா இனிமே எழுத வரமாட்டேன். அம்மா அழறாங்க."

"வர வேணாம்டி" என்றாள்.

மறுதேர்வுக்கு வேறொரு பெண் வந்தாள். கதவோரம் காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலி லேசாகக் கிறீச்சிடும்போதெல்லாம் சட்டக்காரிக்கு வார்த்தை அறுந்துபோயிற்று. விட்ட இடத்தைப் புதியவளிடம் கேட்டுக் கேட்டு, ஏழு கேள்விக்கும் பதில் சொல்லி முடித்தாள்.